நிறம் திரைக்கா, கோப்புக்கா?

எழுதும் மென்பொருளை மதிப்பிடுவோர் அதன் நிற அமைப்பை அலங்காரக் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்த அம்சத்துக்குப் போய்விடுகிறார்கள். நாள் முழுக்க ஒரே பரப்பைப் பார்த்து எழுதுகிறவருக்கு அந்தப் பரப்பின் நிறமும் ஒளிர்வும் அலங்காரம் அல்ல, வேலைச்சூழல். அதே வேளையில், கண்ணுக்கு இதம் என்று விற்கப்படுவதெல்லாம் இதமாகிவிடாது. டார்க் மோடு என்ற பெயரில் வந்து குவிந்தவற்றில் யோசித்துச் செய்தது எது, பிறரைப் பார்த்துச் செய்தது எது என்று பிரித்தறிய அளவுகோல் வேண்டும்.

மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறேன். முதலாவது, பிரிவினை: கண்ணுக்காகச் செய்த நிறமாற்றம் திரையோடு நிற்கிறதா, கோப்புக்குள் புகுந்து அடுத்தவர் கைக்கும் அச்சுக்கும் போகிறதா? இரண்டாவது, நுணுக்கம்: கறுப்பு, வெள்ளை என்ற இரு முனைகளுக்கு நடுவே பயனர் தனக்குத் தோதான இடத்தில் நிற்க முடிகிறதா? மூன்றாவது, முழுமை: பின்னணி மாறும்போது அதன்மேல் இருக்கும் மற்றவையும், அதாவது பிழைக்கோடு, வண்ண எழுத்து, மஞ்சள் தீட்டு ஆகியவையும் சேர்ந்து இணங்குகின்றனவா? முதலாவது கொள்கை சார்ந்தது. மற்ற இரண்டும் கைத்திறன் சார்ந்தவை. கைத்திறனில் விழுந்த ஓட்டையை அடுத்த பதிப்பில் அடைக்கலாம். கொள்கையில் தவறிய கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கருவிகளுக்குப் போகுமுன் கண்ணைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இத்துறையில் ரசனை பெரும்பாலும் அறிவியல் வேடத்தில்தான் நடமாடுகிறது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்சல் புக்னரும் பாம்கார்ட்னரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிழை திருத்தும் பணியில் வெளிர் பின்னணியில் கரிய எழுத்தே மேலான பலன் தந்தது. அறை வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த முடிவு மாறவில்லை. 2013இல் அதே வட்டத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, இளையோர் முதியோர் இரு சாராருக்கும் இது பொருந்தும் என்றது. காரணம் எளியது. வெளிச்சமான பரப்பைப் பார்க்கையில் கண்பாவை சுருங்குகிறது. பாவை சுருங்கினால் விழித்திரையில் விழும் உருவம் கூர்மையாகிறது.

ஆனால் இதே குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வுதான் விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. வெளிர் பின்னணியின் ஆதாயம் எது மேல், எது கீழ் என்ற நிற வரிசையால் வருவதல்ல, திரையின் மொத்த ஒளிர்வால் வருவது என்று அது காட்டியது. இருண்ட பின்னணியின் ஆதரவாளர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளிர் பின்னணிக்காரர்களும் இதன் மறுபாதியை விழுங்கிவிடுகிறார்கள்: ஒளிர்வை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் வெள்ளைப் பின்னணிக்கும் அந்த ஆதாயம் கரைந்துவிடும்.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் குறிக்க வேண்டும். அவை அளந்தது வாசிப்பின் வேகத்தையும் துல்லியத்தையும். எட்டு மணி நேரம் எழுதியபின் வரும் சோர்வை அல்ல. எல்லாக் கண்களும் ஒன்றல்ல என்பதும் பழைய பாடம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக்கும் சக ஆய்வாளர்களும் 1985இலேயே சொன்னது: கண்புரை போன்ற காரணங்களால் கண்ணின் ஒளி ஊடகம் மங்கியவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்தே வாசிக்க எளிது. மங்கிய ஊடகத்தில் வெளிச்சம் சிதறிப் பரவுவதால் பெரிய வெள்ளைப் பரப்பு அவர்களுக்கு இடைஞ்சல். ஆகவே, டார்க் மோடு கண்ணுக்கு நல்லது என்ற பொதுக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை. அது வேண்டாத பகட்டு என்ற எதிர்க்கூற்றுக்கும் இல்லை. ஆதாரம் கேட்பது தெரிவுரிமையை. நுணுக்கம் என்ற அளவுகோலின் நியாயம் இங்கிருந்து வருகிறது.

நிறத்தேர்வில் முறையியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஈத்தன் ஷூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு நிறத்தட்டு. நிரலாளர்கள் நடுவே புகழ்பெற்ற இதில் பதினாறு நிறங்கள். அவற்றைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கவில்லை; மனிதப் பார்வையை ஒட்டி அமைந்த சீலேப் நிறவெளியில் அளந்து வைத்தார். பகல் வடிவமும் இரவு வடிவமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக, ஒரே வெளிச்ச இடைவெளியோடு நிற்கும்படி கட்டினார். ஒரு நிறத்தை ஏன் அங்கே வைத்தீர் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய நிறத்தட்டுகள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

முறை சிறந்தது. விளைவோ அதற்கு ஈடாக இல்லை. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2008இல் வகுத்த அணுகல் விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும். 7:1 இருந்தால் உயர்தரம். தூய கறுப்பும் தூய வெள்ளையும் சேர்ந்தால் 21:1. சோலரைஸ்டின் பகல் வடிவத்தில் முதன்மை எழுத்தைக் கணக்கிட்டால் சுமார் 4.1தான் வருகிறது. இரவு வடிவம் 4.7ஐ ஒட்டி, வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. கண்ணைக் கூசவைக்கும் முரணைத் தணிக்கப் போய், எழுத்தையே தணித்துவிட்டார்கள். இளம் நிரலாளருக்குப் போதுமானது ஐம்பது வயது ஆசிரியருக்குப் போதாது.

அந்த விதியையும் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. எழுத்தின் நிறத்தையும் பின்னணி நிறத்தையும் இடம் மாற்றிப் போட்டால் அதன் சூத்திரம் அதே எண்ணைத்தான் தரும். எது வெளிர், எது இருள் என்பதை அது பார்ப்பதில்லை, கண் பார்க்கிறது. குறைந்தபட்ச வாசலாக அது பயன்படும். உச்ச அளவுகோலாக அல்ல.

சோலரைஸ்டின் தந்த நிறப் பின்னணி இன்னொரு மயக்கத்தையும் கலைக்கிறது. தூய வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொண்டால் இந்த இளமஞ்சளின் ஒளிர்வு 92. குறைவது எட்டு மட்டுமே. அதாவது, செபியா, தந்தம், பழுப்பு என்று பல பெயர்களில் வரும் மென்நிறங்கள் குறைப்பது பெரும்பாலும் நீலத்தின் பங்கையே. கண்ணுக்குள் போகும் மொத்த வெளிச்சத்தை அல்ல. மொத்த வெளிச்சத்தைப் பாதியாக்கும் வல்லமை திரையின் பிரைட்னஸ் பொத்தானுக்குத்தான் உண்டு. இதனால் மென்நிறம் வீண் என்று ஆகாது. வெள்ளையின் கடுப்பைத் தணித்து, கூர்மைக்குத் தேவையான ஒளிர்வைக் கைவிடாமல் இருப்பதே அதன் சிறப்பு. ஆனால் நிற அமைப்பிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இந்த எட்டு தெளிவாக்குகிறது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. மேற்சொன்ன சோதனைகள் லத்தீன் எழுத்தில் நடந்தவை. அவற்றின் எண்களைத் தமிழுக்கு அப்படியே பெயர்க்க முடியாது. காரணத்தைப் பெயர்க்கலாம். நம் எழுத்தில் மிகச் சிறிய உறுப்பு புள்ளி. ஆனால் மெய்யா, உயிர்மெய்யா என்ற தீர்ப்பு அதன் தலையில். பதினோரு பாயின்ட் அளவில் நிர்மலா எழுத்துருவில் ஒரு பத்தியை அடித்து, சாம்பல் பின்னணியில் சற்றே அடர்ந்த சாம்பல் எழுத்தாக வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணுக்குத் தப்புவது புள்ளிதான். அதே பத்தியைக் கருமையில் தூய வெள்ளையாக வையுங்கள். வெளிர் கோடு தடித்துத் தோன்றும் இயல்பால் புள்ளி ஊதிப் பெரிதாகிறது. ணகரத்தின், ஞகரத்தின் உட்சுழிகள் அடைபடத் தொடங்குகின்றன. ரகரத்தையும் துணைக்காலையும் கோட்டின் நுனியை வைத்தே பிரித்தறிய வேண்டிய எழுத்துருக்களில் இந்த மங்கல் பிழைதிருத்துவோரை நேரடியாகப் பாதிக்கும். முதல் வரைவுக்கு எந்தப் பின்னணியும் சரி. மெய்ப்புப் பார்க்க வெளிர் பின்னணியும் அடர்ந்த எழுத்துமே சரி. ஆகவே இரண்டுக்கும் இடையே நொடியில் மாற முடிவது தமிழ் எழுத்தாளருக்கு ஆடம்பரம் அல்ல.

இனி கருவிகள். மைக்ரோசாஃப்ட் வேர்டின் கதையில் முன்னேற்றமும் பின்வாங்கலும் கலந்திருக்கின்றன. வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 காலத்து நீலத்திரைக்குப் பழகியவர்களுக்காக, நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற ஒரு தெரிவு வேர்ட் 2003 வரை அமைப்புப் பெட்டியில் கிடந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னும் நயமான வழி உண்டு: இயங்குதளத்தின் தோற்ற அமைப்பில் சாளரப் பின்னணியின் நிறத்தை மாற்றினால் வேர்டின் தாளும் அந்த நிறமாகும். கோப்பில் ஒரு துளியும் ஒட்டாது. எந்த நிறமும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8இல் அந்தத் தோற்ற அமைப்பு நீக்கப்பட்டது. வேர்டின் நீலத்திரையும் 2003க்குப் பின்வந்த பதிப்புகளில் மறைந்தது. பிரிவினையிலும் நுணுக்கத்திலும் தேறிய ஓர் ஏற்பாட்டை எடுத்தவர்கள் நெடுநாள் அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை.

2021இல் வந்த இருண்ட தாள் அந்த வெற்றிடத்தின் ஒரு பாதியை நிரப்பியது. அது முதல் அளவுகோலில் பழுதின்றித் தேறுகிறது. திரையில் தாள் கரும்சாம்பலாகும்; அச்சு வழக்கம்போல் வெள்ளைத்தாளில் கரிய எழுத்தாக வரும்; கோப்பைப் பெறுகிறவருக்கு நம் திரை எப்படி இருந்தது என்று தெரியப்போவதில்லை. மூன்றாவதிலும் உழைப்பு தெரிகிறது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் இருண்ட தாளுக்கு ஏற்பத் தணிந்து காட்டப்படுகின்றன. உண்மை நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால், பார்வைத் தாவலில் ஒரே பொத்தானில் வெள்ளைத் தாளுக்கு வந்து திரும்பலாம். மெய்ப்புக்கும் வரைவுக்கும் இடையே மாறுவோருக்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு இல்லை.

இரண்டாவது அளவுகோலில் வேர்ட் தோற்கிறது, அதுவும் தெளிவாக. இருப்பவை இரண்டே நிலைகள். இளமஞ்சள் தாள், மங்கிய வெள்ளை, வெளிர் சாம்பல் என்று எழுதும் பார்வையில் எதையும் வைத்துக்கொள்ள வழியில்லை. 2013 பதிப்போடு வந்த வாசிப்புப் பார்வையில் செபியா உண்டு. ஆனால் அது படிக்க வகுத்தது, எழுத அல்ல. இம்மெர்சிவ் ரீடரில் நிறங்கள் பல. ஆனால் அது பக்க அமைப்பைக் கலைத்து எழுத்தை ஒரே நெடுவரிசையாக ஓடவிடும் வாசிப்பு அறை. நல்ல நிறங்களை வைத்திருக்கிறார்கள், எழுதுகிறவர் கைக்கு எட்டாத அலமாரியில்.

அந்த எட்டாமை ஒரு தீய பழக்கத்தை வளர்த்திருக்கிறது. நடுநிறம் தேடும் பயனர் வடிவமைப்புத் தாவலில் பக்க நிறம் என்ற கட்டளையைக் காண்கிறார், இளமஞ்சளைத் தேர்கிறார், கண்ணுக்கு இதமாகிவிட்டது. ஆனால் அந்த நிறம் இப்போது கோப்பின் உடைமை. பதிப்பாசிரியர் திறந்தால் அவர் திரையும் மஞ்சள். இன்னும் ஒரு படி போய்ப் பக்கத்தை அடர் நீலமாக்கி, எழுத்தைத் தானே தேர்ந்து வெள்ளையாக்கியவருக்கு அச்சில் அதிர்ச்சி காத்திருக்கிறது. வேர்ட் இயல்பாகப் பக்க நிறத்தை அச்சிடாது. எழுத்து நிறத்தை அச்சிடும். வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்து, அதாவது வெறுந்தாள். எழுத்து நிறத்தைத் தானியங்கு நிலையில் விட்டிருந்தால் இந்த விபத்து நேராது என்பது உண்மையே. அந்த நுட்பத்தை அறியாதவரை அந்த வழிக்குத் தள்ளியது நடுநிறத்தை மறுத்த வடிவமைப்பு என்பதும் உண்மை.

கூகுள் டாக்ஸில் இதே குழப்பம் பரப்பில் பெரிது. பக்க அமைப்பில் வைக்கும் நிறம் ஆவணத்தோடு போகிறது. ஒரே ஆவணத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதும் கருவியில் ஒருவருடைய கண்ணுக்கான நிறம் எல்லோர் திரையிலும் ஏறுவது கொள்கைப் பிழை. கைபேசிச் செயலியில் இந்தப் பிழை இல்லை. அங்கே இருண்ட தோற்றம் செயலிக்கு உரியது; ஆவணத்தை மட்டும் வெளிர் தோற்றத்தில் பார்க்கும் வசதியும் சேர்ந்தே வருகிறது. கூட்டாக எழுதுவதில் டாக்ஸுக்கு இருக்கும் மேன்மையை யாரும் மறுக்க முடியாது. அந்த மேன்மையே இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது.

லிப்ரே ஆபிஸ் ரைட்டர் கொள்கையில் இவர்கள் எல்லோரையும் முந்துகிறது. அதன் அமைப்புகளில் பயன்பாட்டு நிறங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. ஆவணப் பின்னணி, எழுத்து நிறம், இணைப்பு, அட்டவணை எல்லை, பிழைக்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் வைக்கலாம்; தொகுப்பைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். எல்லாம் திரையோடு சரி, கோப்பைத் தொடாது. தமிழ்ச் சொற்களில் பாதிக்குச் சிவப்புக் கோடு போடும் பிழைதிருத்தியோடு காலம் தள்ளும் நமக்கு, அந்தக் கோட்டையே வெளிர் சாம்பலாக்க முடிவது சிறிய வரம் அல்ல. பிரிவினை, நுணுக்கம் இரண்டிலும் முழு மதிப்பெண்.

நுணுக்கம் தவிர்த்த கைத்திறனில்தான் சறுக்கல். அந்தப் பட்டியல் நீளமானது. எழுதுகிறவருக்கு வேண்டிய இரண்டு மூன்று உருப்படிகள் அவருக்கு என்றுமே தேவைப்படாத பலவற்றின் நடுவே புதைந்திருக்கின்றன. ஆவணப் பின்னணி என்ற ஒரே உருப்படி விரிதாளுக்கும் சேர்த்தே ஆள்வதால், கட்டுரைக்கு வைத்த இளமஞ்சள் கணக்குத் தாளிலும் ஏறிக்கொள்கிறது. எழுத்து தானியங்கு நிறத்தில் இருக்கும்வரை பின்னணி இருண்டால் எழுத்து தானே வெளுக்கும், இது நேர்த்தி. ஆனால் இணையத்திலிருந்து ஒட்டிய பத்தி கறுப்பு என்ற நிறத்தைத் தன்னோடு கொண்டுவந்தால் அது கறுப்பாகவே நின்று, இருண்ட தாளில் காணாமல் போகும். இதற்கு மருந்து உண்டு: திரையில் மட்டும் எல்லா எழுத்தையும் தானியங்கு நிறத்தில் காட்டச் சொல்லும் தெரிவு. அது நிறப் பட்டியலில் இல்லை, அணுகல் வசதிகளின் பக்கத்தில் இருக்கிறது. நோயை ஒரு பக்கத்திலும் மருந்தை இன்னொரு பக்கத்திலும் வைத்தது ஆற்றல் குறைவால் அல்ல. எழுதுகிறவர் இருக்கையில் அமர்ந்து யோசிக்காததால்.

அப்படி அமர்ந்து யோசித்தவர்களின் படைப்பு ஸ்க்ரிவனர். நீண்ட படைப்புகளுக்கென்றே எழுந்த இக்கருவி, எழுதும் தோற்றம் வேறு, வெளியீட்டுத் தோற்றம் வேறு என்பதைத் தன் கட்டமைப்பின் அடித்தளமாகவே வைத்திருக்கிறது. திரையில் எந்த நிறத்தில் எழுதினாலும், பதிப்பகத்துக்குப் போகும் கோப்பு தொகுப்பு என்ற தனிப் படியில் தனி விதிகளோடு உருவாகிறது. முழுத்திரை எழுது பார்வையில் தாளின் நிறம், தாளுக்குப் பின்னுள்ள பரப்பு, எழுத்து நிறம் மூன்றையும் தனித்தனியே வைக்கலாம். கோப்பில் என்ன நிறம் இருந்தாலும் அதை மீறி ஒரே நிறத்தில் காட்டவும் சொல்லலாம். ரைட்டர் இரண்டு பக்கங்களில் சிதறவிட்டதை இது ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. மறுபுறம், விலை கொடுத்து வாங்க வேண்டும்; கற்றுக்கொள்ள நாளாகும்; இரண்டு பக்கக் கட்டுரைக்கு இதன் எடை மிகை. பதிப்பாசிரியரோடு திருத்தங்கள் பரிமாறும் கட்டம் வந்ததும் பெரும்பாலோர் வேர்டுக்கே திரும்ப வேண்டியிருப்பதால், இதன் நிறச் சுதந்திரம் முதல் வரைவோடு முடிந்துவிடுகிறது.

இலவசமான ஃபோகஸ்ரைட்டர் நிறத்தில் தாராளம். பின்னணி, தாள், எழுத்து மூன்றையும் தீம்களாக வைத்துக்கொள்ளலாம். எதுவும் கோப்புக்குள் போகாது. ஆனால் ஓரக்குறிப்பும் திருத்தச் சுவடும் அட்டவணையும் இல்லாத கருவியில் முழுமை என்ற கேள்வியே எழுவதில்லை. தேர்வுக்கே உட்காராத மாணவனைத் தேறியவர் பட்டியலில் சேர்க்க முடியாது. வரைவு எழுத நல்ல மேசை. அவ்வளவே.

ஓர் ஆட்சேபத்துக்கு இடம் தர வேண்டும். இயங்குதளமே இரவு வெளிச்சம் என்ற பெயரில் முழுத்திரையையும் மஞ்சளாக்கித் தருகிறதே, மென்பொருள் எதற்குத் தனியே மெனக்கெட வேண்டும்? கோப்பைத் தொடாததால் பிரிவினையில் அதற்குக் குறையில்லை. ஆனால் அது எழுத்து, படம், வண்ணம் எல்லாவற்றின்மீதும் ஒரே சாயத்தைப் பூசுகிறது. அட்டைப்படத்தைச் சரிபார்ப்பவருக்கு அது பொய் சொல்கிறது. தாளை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் விடத் தெரிந்தது எழுதும் மென்பொருள் மட்டுமே. பொறுப்பை அது தட்டிக்கழிக்க முடியாது.

தீர்ப்புக்கு வருகிறேன். கொள்கைத் தூய்மையில் முதலிடம் ரைட்டருக்கு. கொள்கையும் கைத்திறனும் சேர்ந்த நிறைவில் முதலிடம் ஸ்க்ரிவனருக்கு. நீண்ட படைப்பில் இருப்பவர் விலையைப் பார்க்காமல் ஸ்க்ரிவனரையும், மற்றவர்கள் அமைப்பதற்கு ஒரு மாலையைச் செலவிட்டு ரைட்டரையும் தேரலாம். வேர்டில் இருந்தே ஆக வேண்டியவர்கள் இருண்ட தாளைத் தேவைக்குப் போட்டு எடுக்கலாம். மெய்ப்பை வெள்ளையில் பார்க்கலாம். பக்க நிறத்தைக் கண்ணுக்காகத் தொடவே கூடாது. டாக்ஸின் பக்க நிறத்துக்கும் இதே தடை. எந்தக் கருவியானாலும் முதலில் கை போக வேண்டியது பிரைட்னஸுக்கு: மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, திரையின் வெள்ளை அதைவிடப் பளிச்சிடாத அளவுக்கு இறக்கிய பிறகே நிறத்தைப் பற்றி யோசிப்பது முறை.

செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம். இருண்ட தாளைத் தந்துவிட்டதால் கடமை முடிந்தது என்று வேர்ட் எண்ணினால் அது தவறு. பெரும்பாலோருக்குத் தேவை வெள்ளைக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஒரு தாள். திரையில் மட்டும் தெரிவது. ஒரு பொத்தானில் வந்து போவது. எக்ஸ்பி காலத்தில் அதில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இன்று வேர்டிடமே இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகத் தராதவரை, இத்தனை பேர் எழுதும் கருவிக்கு இந்த அம்சத்தில் தேர்ச்சி என்ற மதிப்பீட்டைத்தான் தர முடியும். சிறப்பு என்று தர முடியாது.